‘ஆட்டிசம்தானே’ என்று விட்டுவிட்டால்...

வலிப்பு, மலச்சிக்கல், தூக்கமின்மை, பல்வலி: ஒரு பெயருக்குப் பின்னால் மறைந்துபோகும் நோய்கள்

நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. விருதுநகர் மாவட்டத்தில், மலையடிவாரத்து வத்திராயிருப்பில் தெருவே அடங்கிக் கிடக்கிறது. ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது. ஆறு வயதுப் பையன் கூடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடக்கிறான். நடுநடுவே நின்று தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்கிறான். கட்டில் விளிம்பில் வயிற்றை வைத்து அழுத்திக் குனிகிறான். அவனுக்குப் பேச்சு வரவில்லை. விடியும் முன்னே ராஜபாளையம் மில்லுக்குப் போகும் வேன் தெருமுனைக்கு வந்துவிடும். ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டிய அம்மா இன்னும் கண்ணை மூடவில்லை. “சேட்டை ஜாஸ்தியாயிருச்சு” என்கிறது பக்கத்து வீடு. “காத்துக் கருப்பு அண்டியிருக்கும், மந்திரிச்சிட்டு வாங்க” என்கிறார் ஒரு பாட்டி. ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்க்கிறவர்களோ, “ஆட்டிசம் புள்ளைங்க அப்படித்தாம்மா இருக்கும்” என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

எந்த ஒரு குடும்பத்தின் கதையும் இல்லை இது. ஆட்டிசம் உள்ள குழந்தை வளரும் எந்த ஊரிலும் இப்படி ஓர் இரவு உண்டு. அந்தப் பையனுக்கு ஒரு வாரமாக மலம் சரியாக இறங்காமல் இருக்கலாம். கடைவாய்ப் பல் சொத்தையாகி வேர்வரை வலிக்கலாம். காதுக்குள் சீழ் கட்டியிருக்கலாம். மூன்றையும் கண்டுபிடிக்க சென்னைக்குப் போக வேண்டியதில்லை. வயிற்றைத் தொட்டு, வாயைத் திறந்து, காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கும் ஒரு பொது மருத்துவர் போதும். ஆனால் பார்ப்பதில்லை. சீட்டில் ஏற்கெனவே ஒரு பெயர் எழுதியிருக்கிறது. குழந்தை செய்வதற்கெல்லாம் அதுவே காரணமாகிவிடுகிறது. ஆட்டிசத்தைப் பற்றி நாம் நிறையப் பேசத் தொடங்கிவிட்டோம். அதோடு கூடவே வரும் உடல், மனக் கோளாறுகளைப் பற்றித்தான் பேசுவதில்லை. ஆட்டிசத்தைப் போக்கும் மருந்து எதுவும் இல்லை. கூட வருபவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அதிலும் பல, தாலுகா அரசு மருத்துவமனையிலேயே தொடங்கக்கூடியவை.

தனியாக வருவதில்லை

1943இல் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்துக்கு மருத்துவ உலகில் முதல் அடையாளம் தந்தது. அந்தக் குழந்தைகளில் பலர் கைக்குழந்தைப் பருவத்திலேயே சாப்பிட மறுத்ததை அவரே குறித்திருக்கிறார். அடுத்த பல பத்தாண்டுகள் மருத்துவம் அந்தக் குறிப்பைத் தாண்டிப் போய்விட்டது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு, ஆட்டிசம் உள்ள குழந்தைக்குக் கவனக்குறைவு - துடிப்பு மிகுதிக் கோளாறும் (ஏ.டி.எச்.டி.) இருக்கிறது என்று சேர்த்து எழுதவே 2013 வரை இடம் கொடுக்கவில்லை. லண்டன் பகுதியில் 10 முதல் 14 வயதுக்குட்பட்ட 112 பேரை ஆராய்ந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்களில் 70 சதவீதம் பேருக்கு ஆட்டிசத்தோடு இன்னொரு மனநலக் கோளாறாவது இருந்ததையும், 41 சதவீதம் பேருக்கு இரண்டோ அதற்கு மேலோ இருந்ததையும் காட்டியது. இந்தியாவிலும் கோளாறுகள் சேர்ந்து வருவது பதிவாகியிருக்கிறது. இன்க்ளென் அமைப்பு பல்வால், காங்க்ரா, டேங்கனால், வடகோவா, ஹைதராபாத் ஆகிய 5 இடங்களில் 2 முதல் 9 வயதுவரை உள்ள 3,964 குழந்தைகளைப் பரிசோதித்து 2018இல் முடிவுகளை வெளியிட்டது. நரம்பு வளர்ச்சிக் கோளாறு ஒன்று இருந்த குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இன்னொன்றும் இருந்தது. ஆக, ஆட்டிசம் மட்டும் உள்ள குழந்தைதான் விதிவிலக்கு. வேறொன்றும் சேர்ந்திருக்கும் குழந்தையே வழக்கம்.

> எத்தனை பேருக்கு?
> (ஆய்வுக்கு ஆய்வு விகிதம் மாறும்)
> • தூக்கக் கோளாறு: பாதிப் பேர் முதல் 80% வரை
> • ஏ.டி.எச்.டி.: சுமார் 30 முதல் 50%
> • பதற்றக் கோளாறு: சுமார் 40%
> • அறிவுசார் குறைபாடு: மூன்றில் ஒருவருக்கும் மேல்
> • வலிப்பு: அறிவுசார் குறைபாடும் இருந்தால் ஐந்தில் ஒருவர்; இல்லையென்றால் 8%
> • வயிற்றுக் கோளாறு: மற்ற குழந்தைகளைவிட நான்கு மடங்கு

வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர் யார்?

இந்தப் பட்டியலில் அதிகம் புறக்கணிக்கப்படுவது வயிறு. அந்தப் புறக்கணிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவர், தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் குடல் அழற்சியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு ‘லான்செட்’ இதழில் எழுதினார். அதிலிருந்த தகவல்கள் தவறு என்று தெரிந்து 2010இல் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. தடுப்பூசியால் ஆட்டிசம் வருவதில்லை என்பது அதன்பின் பல நாடுகளில் லட்சக்கணக்கான குழந்தைகளிடம் உறுதியானது. ஆனால் அந்தப் பொய், உண்மையான ஒன்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. ஆட்டிசம் உள்ள குழந்தையின் வயிற்றைப் பற்றிப் பேசினாலே போலி அறிவியல் என்று ஒதுங்கும் மனநிலை பல மருத்துவர்களுக்கு வந்தது. அதே 2010இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வெளியான நிபுணர் குழு அறிக்கைதான் அதை நேர்செய்தது: இந்தக் குழந்தைகளுக்கு வயிற்று உபாதை வந்தால் மற்ற குழந்தைகளுக்குச் செய்யும் அதே பரிசோதனையும் அதே சிகிச்சையும் கிடைக்க வேண்டும், நடத்தை திடீரென மோசமானால் வலியைச் சந்தேகிக்க வேண்டும்.

மலச்சிக்கல் எப்படி ஏமாற்றும் என்று பாருங்கள். வலிக்கும் என்ற பயத்தில் குழந்தை மலத்தை அடக்குகிறது. அது பெருங்குடலில் இறுகிக் கட்டியாகிறது. நாள்கள் போகப் போக, கட்டியைச் சுற்றிக்கொண்டு நீர்த்த மலம் தானாகக் கசிந்து ஜட்டியை நனைக்கிறது. வீட்டில் அதை ‘வயித்தால போகுது’ என்று நினைக்கிறார்கள். மருந்துக் கடையில் பேதியை நிறுத்தும் மாத்திரை கிடைக்கிறது. அடைப்பு மேலும் இறுகுகிறது. குழந்தை இரவெல்லாம் தூங்காமல் தன்னையே அடித்துக்கொள்கிறது. அதற்கு ஒரு தூக்க மருந்து. இடது அடிவயிற்றை ஒரு கை அழுத்திப் பார்த்திருந்தால் கல் போன்ற கட்டி தட்டுப்பட்டிருக்கும். லாக்டுலோஸ் சிரப் அல்லது மலத்தை இளக்கும் பவுடர், சாப்பிட்டதும் சிறிது நேரம் கழிப்பறையில் உட்கார வைக்கும் பழக்கம், தண்ணீர் ஆகியவைதான் சிகிச்சை. இரண்டு நாளில் நிறுத்திவிடாமல் மாதக்கணக்கில் தொடர வேண்டும் என்பதை மட்டும் யாராவது அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

சாப்பாடும் இதோடு பின்னிக் கிடக்கிறது. வெள்ளைச் சோறு, ஒரே கம்பெனி பிஸ்கட், மொறுமொறுப்பான தின்பண்டம் என்று மூன்று நான்கு பொருள்களோடு நின்றுவிடும் குழந்தைகள் உண்டு. குழம்பு ஊற்றிய சோற்றின் கொழகொழப்பும் முட்டையின் வாடையும் அவர்களுக்குத் தாங்க முடியாதவை. தென்மாவட்டங்களில் சாப்பிடாத பிள்ளையைத் தொக்கம் எடுப்பவரிடம் கூட்டிப்போவது இன்றும் வழக்கம். நாக்கும் தோலும் மூக்கும் உணர்வதே வேறு மாதிரி என்பதை அங்கே யாரும் சொல்வதில்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் 5ஆம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. பள்ளிகளின் காலை உணவுத் திட்டமும் சத்துணவு முட்டையும் குழந்தைகளின் ரத்தசோகையைக் குறைக்க நடக்கும் முயற்சிகள். தட்டையே தள்ளிவிடும் குழந்தைக்கு அவை போய்ச் சேர்வதில்லை. இரும்புச்சத்து குறைந்தால் கால்கள் இரவில் நிலைகொள்ளாமல் துடிக்கும், தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் பகலில் சேட்டை கூடும். மண்ணையும் சுண்ணாம்பையும் தின்னும் பழக்கமும் ரத்தசோகையின் அறிகுறியாக இருக்கலாம். ஹீமோகுளோபின் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நடக்கிறது. இந்தக் குழந்தைகளுக்கு அதை எழுதிக்கொடுக்க வேண்டும் என்று தோன்றுவதுதான் அரிது.

கையில் சாவி கொடுக்காதீர்கள்

ஆட்டிசத்தோடு வருபவற்றில் உயிருக்கே ஆபத்தானது வலிப்பு. அது வயதின் இரண்டு கட்டங்களில் அதிகம் தொடங்குகிறது: சிறு குழந்தைப் பருவத்தில் ஒருமுறை, வயதுக்கு வரும் பருவத்தில் இன்னொருமுறை. ஆறு வயதில் வரவில்லை என்பதால் பன்னிரண்டில் வராது என்று நினைக்கக்கூடாது. கை கால் இழுத்து விழும் வலிப்பை எல்லோரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். கூப்பிட்டால் திரும்பாமல் சில விநாடி வெறித்துப் பார்ப்பது, உதட்டைச் சப்புக்கொட்டுவது, ஒரு கையை மட்டும் காரணமின்றி உதறுவது போன்றவையும் வலிப்பாக இருக்கலாம். ஆட்டிசம் உள்ள குழந்தை இயல்பாகவே கூப்பிட்டால் திரும்பாது, கையை உதறும். அதனால்தான் இங்கே ஏமாறுவது எளிது. நிமிண்டினாலோ முன்னால் போய்க் கையாட்டினாலோ குழந்தை அந்த நிலையிலிருந்து வெளியே வருகிறதா, வரவே இல்லையா என்பதுதான் வேறுபாட்டைச் சொல்லும். கையில் இருக்கும் செல்போனில் அந்த ஒரு நிமிடத்தைப் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டினால், நூறு வார்த்தைகள் விளக்காததை அது விளக்கிவிடும். சில குழந்தைகளின் தோலில் வெளிறிய புள்ளிகள் இருக்கும். தேமல் என்று களிம்பு தடவிக்கொண்டிருப்பார்கள். வலிப்பும் ஆட்டிசமும் அந்த வெளிறிய புள்ளிகளும் சேர்ந்திருந்தால், டியூபரஸ் ஸ்க்லிரோசிஸ் என்ற மரபணு நோயைச் சந்தேகிக்க வேண்டும். மூளையோடு சிறுநீரகத்தையும் இதயத்தையும்கூட அது பாதிக்கக்கூடியது.

வலிப்புக்கான அடிப்படை மாத்திரைகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. இருந்தும், வலிப்பு வந்தவுடன் இரும்புச் சாவியைத் தேடும் வழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானே அடங்குவதுதான் பெரும்பாலும் நடப்பது. அந்த நேரத்தில் கையில் சாவி இருந்ததால், சாவிதான் அடக்கியது என்ற நம்பிக்கை தலைமுறைகளாக நீடிக்கிறது. வலிப்பைக் கவனிக்காமல் விடுவதன் விலை என்ன? சுவீடனில் ஆட்டிசம் உள்ள 27,000க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வில், இறந்தவர்களின் சராசரி வயது 54. ஒப்பிட்டுப் பார்த்த மற்றவர்களுக்கு அது 70. ஆட்டிசத்தோடு அறிவுசார் குறைபாடும் இருந்தவர்களுக்கு 40ஐக்கூட எட்டவில்லை; அந்தப் பிரிவில் முக்கியமான காரணங்களில் ஒன்று வலிப்பு. மருத்துவ வசதியில் குறைவில்லாத நாட்டின் கணக்கு இது.

> வலிப்பு வந்தால்...
> • ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கு அடியில் துணி வையுங்கள்
> • வாயில் துணி, கரண்டி, தண்ணீர் எதுவும் வேண்டாம்; கை காலை அழுத்திப் பிடிக்க வேண்டாம்
> • நேரம் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமலே மறுபடி வந்தால் 108ஐ அழையுங்கள்
> • மருத்துவர் சொல்லாமல் வலிப்பு மாத்திரையை ஒருநாளும் நிறுத்த வேண்டாம்

ஆபத்து வலிப்போடு முடிவதில்லை. ஏ.டி.எச்.டி.யின் துடிப்பு மிகுதியின் விளைவு வீட்டுக்குள் நிற்பதில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோரிடம் அமெரிக்காவில் விசாரித்து 2012இல் வெளியான ஆய்வில், 4 வயதுக்குப் பிறகு தங்கள் குழந்தை ஒருமுறையாவது யாருக்கும் தெரியாமல் வெளியேற முயன்றதாக ஏறக்குறைய பாதிப் பேர் சொன்னார்கள். இப்படி வெளியேறும் குழந்தைகள் அதிகம் உயிரிழப்பது தண்ணீரில். பிளவக்கல் அணைப் பாசனத்தில் வாழும் வத்திராயிருப்பு வட்டாரத்தில், கண்மாயும் வாய்க்காலும் தென்னந்தோப்புக் கிணறும் சூழ்ந்த தெருக்களில், இதற்கு என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை. வாசல் கதவில் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றுக்கு ஒரு மூடி, அக்கம்பக்கத்தாருக்கு முன்கூட்டியே ஒரு சொல்: இவையும் சிகிச்சையின் பகுதிதான்.

சான்றிதழ் கேட்காத கேள்வி

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழுக்காகக் குழந்தையை மதிப்பிடும் அளவுகோல் ‘ஐசா’ எனப்படும் 40 கேள்விகள் கொண்ட இந்திய மதிப்பீட்டுப் படிவம். குழந்தை நிலைகொள்ளாமல் இருக்கிறதா, ஆக்ரோஷம் காட்டுகிறதா, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறதா என்று அது கேட்கிறது. பதிலுக்கு ஏற்ப மதிப்பெண் ஏறுகிறது. ஏன் என்று கேட்க அதில் இடமில்லை. மலச்சிக்கலுக்கும் வலிப்புக்கும் பல்லுக்கும் அங்கே கட்டமே கிடையாது. படிவத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆட்டிசத்தின் அளவைக் கணக்கிடத்தான் அது உருவானது. அந்த ஒரு மதிப்பீட்டோடு மருத்துவப் பரிசோதனையே முடிந்துவிட்டதாக எல்லோரும் எடுத்துக்கொள்வதுதான் சிக்கல். முகாமுக்கு வரும் பெற்றோருக்குச் சான்றிதழ் கிடைக்கிறது, அடையாள அட்டை கிடைக்கிறது, பஸ் சலுகை கிடைக்கிறது. பல்வலியால் தன்னை அடித்துக்கொண்ட குழந்தைக்கோ மதிப்பெண் கூடுகிறது. பல் அப்படியே இருக்கிறது.

இதன் அடுத்த விளைவு மருந்தில் தெரிகிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் கடும் எரிச்சலுக்கும் ஆக்ரோஷத்துக்கும் ரிஸ்பெரிடோன் கொடுக்கலாம் என்று அமெரிக்கா 2006இல் அனுமதித்தது. தேவையான குழந்தைக்கு அது உதவும். பசியைத் தூண்டி எடையைக் கூட்டும் என்பதும், மந்தத்தைத் தரும் என்பதும் தெரிந்த பக்கவிளைவுகள். வலியால் கத்தும் குழந்தைக்கு அதைக் கொடுத்தால் கத்தல் அடங்கும், வலி அடங்காது. உடலைப் பரிசோதிக்காமல் நடத்தைக்கு மருந்து எழுதக்கூடாது என்ற ஒரு விதியை மட்டும் கறாராகப் பின்பற்றினாலே பல குழந்தைகளின் துன்பம் குறையும்.

‘இதெல்லாம் நம்ம ஊருக்கு ஆகுமா?’

இங்கே மூன்று மறுப்புகள் எழும். முதலாவது, ஒரு பெயரையே தாங்க முடியாத குடும்பத்தின் தலையில் ஐந்து பெயர்களை ஏற்றலாமா என்பது. நியாயமான கவலை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மாத்திரை என்று போனால் அது ஆபத்தே. ஆனால் கூட வருவதைக் கண்டுபிடிப்பது பல நேரங்களில் மருந்தைக் குறைக்கிறது. மலச்சிக்கல் தீர்ந்தால் தூக்க மருந்து தேவைப்படாமல் போகலாம். மூக்கடைப்பும் டான்சில் வீக்கமும் தூக்கத்தைக் கெடுக்கின்றன என்று தெரிந்தால் சிகிச்சை வேறு திசையில் போகும். பெயர் சொல்லாமல் விட்டால் நோய் வராமல் இருந்துவிடாது.

இரண்டாவது, வயிற்றில்தான் கோளாறு என்றால் உணவை மாற்றியே ஆட்டிசத்தைக் குணப்படுத்திவிடலாமே என்பது. இணையத்தில் இதற்குப் பெரிய சந்தையே நடக்கிறது. கோதுமையையும் பாலையும் நிறுத்தினால் ஆட்டிசம் போய்விடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஏற்கெனவே நான்கு பொருள் மட்டும் சாப்பிடும் குழந்தையிடமிருந்து இரண்டைப் பிடுங்குவது சத்துக்குறைவில்தான் முடியும். ரத்தத்திலிருந்து உலோகம் எடுக்கும் சிகிச்சை உயிரையே பறிக்கக்கூடியது. ஸ்டெம்செல் சிகிச்சை லட்சங்களை விழுங்குகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலில் ஆட்டிசத்துக்கான ஸ்டெம்செல் ஊசிக்கு அங்கீகாரம் இல்லை. மலச்சிக்கலுக்கு வைத்தியம் பார்ப்பது மலச்சிக்கலைத் தீர்க்க. அதைத் தாண்டி வாக்குறுதி தருபவர் பணத்துக்குத்தான் குறிவைக்கிறார்.

மூன்றாவதுதான் கனமானது. குழந்தை நரம்பியல் நிபுணர் எங்கே, பேச்சுப் பயிற்சியாளர் எங்கே? வத்திராயிருப்பிலிருந்து கிருஷ்ணன்கோவில் வந்து, பஸ் மாறி விருதுநகருக்கோ மதுரைக்கோ போய்த் திரும்ப ஒருநாள் கூலி போய்விடும். பஸ் இரைச்சலில் குழந்தை படும் பாடு தனி. நிபுணர்கள் தேவை, அவர்கள் போதவில்லை, இரண்டும் உண்மை. ஆனால் நிபுணர் வரும்வரை எதுவும் செய்ய முடியாது என்பது உண்மையில்லை. கோவாவில் சங்காத் அமைப்பும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் ஒரு குழுவும், நிபுணர் அல்லாத பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களை வீடுகளுக்கு அனுப்பி, பெற்றோர் வழியாக ஆட்டிசக் குழந்தைகளுக்குப் பயிற்சி அளித்தன. குழந்தைகள் பெற்றோரோடு தொடர்புகொள்வது மேம்பட்டதை 2016இல் வெளியான முடிவுகள் காட்டின. கோவா குழு பிறகு அதை விரிவாக்கி, தூக்கம், சாப்பாடு போன்ற கூட வரும் பிரச்சினைகளையும் அதே பணியாளர்களைக் கொண்டே அணுகிப் பார்த்தது. நம் பக்கத்திலேயே தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில், 1981இல் எஸ்.ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர்சேவா சங்கம், கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்து வீடு தேடிப்போய் வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு உதவும் முறையைப் பல ஆண்டுகளாக நடத்துகிறது. செல்போன் செயலி வழியாகச் சிகிச்சையாளர்கள் பின்னாலிருந்து வழிநடத்துகிறார்கள். 

இருப்பதைக் கொண்டே

கட்டமைப்பு நம்மிடம் இல்லாமல் இல்லை. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும்; அது தேடும் 30 குறைகளில் ஆட்டிசமும் வளர்ச்சித் தாமதமும் காது, கண், பல் கோளாறுகளும் அடக்கம். அந்தக் குழு அனுப்பும் குழந்தைகளுக்காக மாவட்டத் தொடக்க நிலை இடையீட்டு மையம் உண்டு. 2022இல் விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு மொத்தம் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது; வெளிநோயாளிச் செலவும் பயிற்சிச் செலவும் அதில் அடக்கம். இவர்கள் எல்லோரும் ஒரே குழந்தையைத் தனித்தனியே பார்க்கிறார்கள். ஒருவர் எழுதியது இன்னொருவர் கைக்குப் போவதில்லை. சிறப்பாசிரியருக்கு வலிப்பு பற்றித் தெரியாது, மருத்துவருக்குச் சாப்பாடு பற்றித் தெரியாது, இரண்டும் தெரிந்த அம்மாவிடம் யாரும் கேட்பதில்லை.

> அம்மாக்கள் எழுதிக்கொண்டு போக வேண்டியவை
> • மலம் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எப்படி இருந்தது
> • எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுந்தது; குறட்டை உண்டா
> • ஒரு வாரத்தில் சாப்பிட்ட பொருள்களின் பட்டியல்
> • வெறித்துப் பார்த்த, விழுந்த, உதறிய நேரங்கள், முடிந்தால் வீடியோ
> • நடத்தை திடீரென மாறிய நாள். அதற்கு முன்பு காய்ச்சல், சளி, அடி ஏதேனும் உண்டா

தேவைப்படுவது புதிய கட்டடம் அல்ல. மதிப்பீட்டு முகாமில் இன்னும் ஒரு பக்கம். வட்டார வள மையத்தில் சான்றிதழுக்கான முகாம் நடக்கும் அதே நாளில், அதே மேசையில், தாலுகா மருத்துவமனையின் மருத்துவர் ஒருவர் உட்கார்ந்து ஆறு விஷயங்களைப் பார்த்து எழுதட்டும்: வயிறு, பல், காது, ஹீமோகுளோபின், தூக்கம், வலிப்பு. பார்வையும் கேட்கும் திறனும் சோதிக்கப்படாத குழந்தைக்குத் தேதி குறித்துக் கொடுக்கட்டும். ஆறு மாதம் கழித்து கிராம சுகாதாரச் செவிலியர் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வீட்டுக் கதவைத் தட்டட்டும். இதில் எதற்கும் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. மாவட்ட நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் நடந்துவிடும். ஆறு கட்டமும் நிரம்பிய பிறகும் அந்தக் குழந்தைக்கு ஆட்டிசம் இருக்கும். வயிற்றுவலியும் பல்வலியும் ரத்தசோகையும் கவனிக்கப்படாத வலிப்பும் இருக்க வேண்டிய அவசியமில்லை.